வெறும் போத்தலும் விளக்கும்

இலங்கையில் குப்பி விளக்கு செய்யக் கடைக்குப் போக வேண்டியதில்லை. மருந்துப் போத்தலோ சாராயப் போத்தலோ, வீட்டில் வெறுமையாகக் கிடந்த எதுவும் போதும். மூடியில் ஓட்டை போட்டு, சிறு தகரக் குழாயைச் செருகி, பழந்துணியைத் திரித்து விட்டு, மண்ணெண்ணெய் ஊற்றினால் விளக்கு ஆயிற்று.

மண்ணெண்ணெய் வருமுன் கொழும்புப் பகுதியின் தெஹிவளை, வெள்ளவத்தைக் கரையோரத்தில் வெளிச்சம் தந்தது தேங்காயெண்ணெய். அது ஏறத்தாழ 24 பாகை செல்சியஸில் உருகிவிடும். கொழும்பு வெக்கையில் பெரும்பாலும் திரவமாகவே இருக்கும். அதற்கு ஒரு கிண்ணமும் திரியும் வேண்டும், தனித்து நிற்கும் மெழுகுதிரியாக அதை வார்க்க முடியாது. லண்டனில் 1830இல் தொடங்கிய எட்வர்ட் பிரைஸ் கம்பனி இந்த எண்ணெயின் கெட்டிப் பகுதியைப் பிரித்தெடுத்து மெழுகுதிரி செய்தது. அதற்காக இலங்கையில் 1,000 ஏக்கர் தென்னந்தோட்டமும் வாங்கியது. தென்னைக் கொழுப்பும் விலங்குக் கொழுப்பும் சேர்ந்த அதன் கலப்பு மெழுகுதிரிகள் 1840இல், விக்டோரியா அரசியின் திருமணத்தையொட்டி விற்பனைக்கு வந்தன. எரிய எரியத் திரியைக் கத்தரிக்கத் தேவையில்லை என்பது அவற்றின் பெருமை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண்ணெண்ணெய் பரவியபின் வசதியுள்ளோர் சிமினி வைத்த லாம்பு வாங்கினர்; மற்றவர்களுக்குக் குப்பி விளக்கு. ஆபத்து போத்தலின் வடிவத்திலேயே இருந்தது. உயரமான, மெல்லிய போத்தல் கை பட்டாலே சரியும். உருண்டையானதால் உருளும். மூடி இறுக்கமில்லாததால் எண்ணெய் கொட்டி, அடுத்த கணம் பாயோ சாரமோ பற்றிக்கொள்ளும்.

தீக்காயம்பட்டு வந்தவர்களுக்கு மருத்துவம் பார்த்த கொழும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, காயத்தை விட்டுவிட்டுப் போத்தலை ஆராயத் தொடங்கினார். மார்மைட் போத்தல் அவருக்கு வழிகாட்டியது: குள்ளம், கனம், எளிதில் சாயாது. அதைப் பின்பற்றித் தடித்த கண்ணாடியில், திருகு மூடியுடன் ‘சுதீபா’ விளக்கை அமைத்தார். விழுந்தாலும் உருளாதபடி இரு பக்கங்களைத் தட்டையாக்கினார். 1992இல் இத்திட்டம் தொடங்கியது. 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. நிலைத்து நிற்கும் போத்தல் ஒன்றுக்கு இத்தனை பேர் தீக்காயம்படும்வரை காத்திருக்க வேண்டியிருந்ததுதான் வியப்பு.

இதே காலத்தில் வடக்கில் சிக்கல் வேறு. 1990 ஜூனில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபின் மண்ணெண்ணெய் தடைகளுக்கும் கட்டுப்பாடுகளுக்கும் உட்பட்டது. கிடைத்த கொஞ்சத்துக்கும் கொள்ளை விலை. யாழ்ப்பாணத்தவர் ஜாம் போத்தலுக்குள் சிறு திரியொன்றை நிறுத்தி, மிகக் குறைந்த எண்ணெயில் எரியவிட்டனர். போத்தலின் சுவரே சிமினியானதால் காற்றுக்குச் சுடர் நூரவில்லை. அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள்.

மின்சாரம் ஏறத்தாழ எல்லா வீடுகளையும் எட்டியபின் குப்பி விளக்கு மறையத் தொடங்கியது. ஆனால் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு வந்தது. மண்ணெண்ணெய்க்கும் வரிசை நின்றது. வெறும் போத்தலுக்கு மறுபடியும் வேலை வந்தது, இம்முறை மெழுகுக்காக.

சோயா, தென்னை மெழுகுகள் மென்மையானவை. தேங்காயெண்ணெயைப் போலவே அவற்றுக்கும் ஒரு சுவர் தேவை. ஜாம் போத்தல் போன்ற தடித்த, வாய் அகன்ற கண்ணாடியே இதற்கு ஏற்றது. ஒடுங்கிய கழுத்துள்ள போத்தலில் காற்றுப் போதாமல் சுடர் புகையும். மெழுகை நேரடித் தீயில் வைக்காமல், கொதிநீரில் வைத்த பாத்திரத்தில் உருக்குவார்கள். அடியில் ஒட்டி நிறுத்திய திரியைக் குறுக்கே வைத்த ஈர்க்கில் நேராகப் பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த கண்ணாடியில் சூடான மெழுகை ஊற்றினால் வெடிக்கக்கூடும் என்பதால் போத்தலை முதலில் இளஞ்சூடாக்குவது வழக்கம். அடிமட்டம்வரை எரியவிட்டாலும் கண்ணாடி வெடிக்கலாம். அரை அங்குல மெழுகு மிஞ்சும்போதே சுடரை அணைத்துவிட வேண்டும்.