மன்னார் வளைகுடாக் கடற்பாசி: எடுப்பும் வளர்ப்பும்

கடலடிப் பாறைகளையும் பவளத் திட்டுகளையும் பற்றி வளர்வனவும், வேரும் பூவும் விதையும் இல்லாதனவுமான பேருருப் பாசியினங்கள் கடற்பாசி என்னும் பொதுப்பெயரால் வழங்கப்படுகின்றன. நிறத்தைக் கொண்டு இவற்றைப் பச்சை, பழுப்பு, சிவப்பு என மூன்று பெரும் பிரிவுகளாக அறிவியலார் வகுப்பர். சிவப்புப் பாசிகளிலிருந்து அகர், காரஜீனன் என்னும் கூழ்மப் பொருள்களும், பழுப்புப் பாசிகளிலிருந்து ஆல்ஜினேட்டும் கிடைக்கின்றன. ஐஸ்கிரீம், பற்பசை, மருந்துக் குளிகை, துணிச்சாயம் எனப் பலவற்றுக்கும் இவை வேண்டப்படுகின்றன. நிலமோ நன்னீரோ உரமோ கேளாமல் கடல் தரும் விளைச்சல் இது. எனினும் அறுக்கும் கை அடிப்பகுதியை விட்டுவைக்கிறதா, மீண்டும் தழைக்க வேண்டிய காலத்தைக் கொடுக்கிறதா என்பதைப் பொறுத்தே இவ்விளைச்சல் நிலைக்கும். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட மன்னார் வளைகுடாவின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது.

கரையோர மக்கள் பாசியை உண்ணும் வழக்கம் தொழிலுக்கு முற்பட்டது. கஞ்சியில் இட்டுக் காய்ச்சியதால் கிராசிலேரியா எடுலிஸ் என்னும் இனம் இன்றும் கஞ்சிப்பாசி எனப்படுகிறது. பாலும் சர்க்கரையும் சேர்த்து உறையவைத்த கடற்பாசி, நோன்பு திறக்கும் வேளையில் தமிழ் முஸ்லிம் வீடுகளில் இடம்பெறுகிறது. அகருக்கு உலகச் சந்தையில் பெருமதிப்பு வந்ததற்குக் காரணம் நுண்ணுயிரியல் ஆகும். நுண்ணுயிர்களை வளர்க்க முதலில் பயன்பட்ட ஜெலட்டின், உடல்வெப்ப அளவிலேயே இளகிவிட்டது. இராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் பணிபுரிந்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, கோடையிலும் இளகாத தம் சமையலறை அகரை 1881ஆம் ஆண்டளவில் பரிந்துரைத்தார். சுமார் 85 பாகை செல்சியசில் உருகி 40 பாகைக்குக் கீழேதான் உறையும் அப்பொருள் அன்றிலிருந்து ஆய்வகங்களில் நிலைபெற்றது. அகர் உற்பத்தி பெரும்பாலும் ஜப்பானிடம் இருந்தமையால், இரண்டாம் உலகப்போரில் அவ்வரத்து நின்றபோது பிற நாடுகள் தத்தம் கரைகளில் பாசியைத் தேடத் தொடங்கின. இந்தியாவிலும் ஆய்வுகள் அப்போதே முளைவிட்டன. 1947இல் நிறுவப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபம் என்னும் கரையோர ஊரில் இயங்கியது இவ்வாய்வுகளுக்கு வலுவூட்டியது. 1966 முதல் இக்கரையில் வணிக அளவிலான எடுப்பு நடைபெற்று வருகிறது.

பாசி எடுப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். சின்னப்பாலம், பாரதிநகர் போன்ற ஊர்களிலிருந்து கூட்டாகப் படகில் சென்று, தீவுகளை ஒட்டிய ஆழங்குறைந்த நீரில் இறங்கி, மூச்சடக்கி மூழ்கி அவர்கள் பாசியைக் கொய்கின்றனர். பவளப் பாறையின் கூர்முனைகள் கிழிக்காதிருக்க விரல் ஒவ்வொன்றிலும் துணிக் கீற்றைச் சுற்றிக்கொள்வர். கண்ணுக்கு நீர்க்கண்ணாடியும் இடுப்பில் வலைப்பையும் உண்டு. சேலைமேல் சட்டை அணிந்து பல மணிநேரம் உப்புநீரிலேயே கழிப்பர். மரிக்கொழுந்துப் பாசி எனப்படும் ஜெலிடியெல்லா அசெரோசாவுக்கு விலை மிகுதி. ஆல்ஜினேட்டுக்கு உரிய சர்காசம் கட்டக்கோரை என்றும், டர்பினேரியா பக்கடாப் பாசி என்றும் வழங்கும். இவை எடையில் மிகுந்து விலையில் தாழ்ந்தவை. கரையில் உலர்த்திய பாசி வணிகர் வழியாக ஆலைகளுக்குச் செல்கிறது.

மரிக்கொழுந்து செத்த பவளக்கற்களின்மேல் படர்தண்டால் ஒட்டியிருக்கும் சிற்றினம், மெதுவாகவே வளரும். நுனியைக் கையால் கிள்ளினால் படர்தண்டிலிருந்து மறுபடி துளிர்க்கும். இரும்புத் தகட்டால் சுரண்டினால் அடியும் போய்ப் பவளமும் உடையும். ஆலைகளின் தேவை பெருகியபோது சுரண்டலும் பெருகி, கிடைக்கும் பாசி குறைந்து, ஒரே அளவு எடைக்குக் கூடுதல் நேரம் மூழ்க வேண்டியதாயிற்று. இதற்கிடையே 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த நீரையும் உள்ளடக்கிய 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது; 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. பவளமும் கடற்புல்லும் ஆவுளியா என்னும் கடற்பசுவும் காக்கப்பட வேண்டியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் தேசியப் பூங்காவுக்குள் எந்த எடுப்பையும் ஏற்பதில்லை. ஆதலால் தலைமுறைகளாகத் தீவோரம் சென்றுவந்த பெண்கள் ஒரே அறிவிப்பில் அத்துமீறுவோர் ஆயினர். படகைப் பறிப்பதும் தண்டம் விதிப்பதும் கடலில் பாசியைக் கூட்டவில்லை. பிடிபடுமுன் அள்ளிக்கொள்ளும் அவசரத்தையே கூட்டின.

மாற்றம் எடுப்பவர்களிடமிருந்தே வந்தது. ஊர்க்கூட்டங்களில் பேசி அவர்கள் சில கட்டுப்பாடுகளைத் தாமே வகுத்துக்கொண்டனர். இரும்புச் சுரண்டியைக் கைவிட்டுக் கையாலேயே பறிப்பது, அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஆறாறு நாளாக மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலுக்குப் போவது, இழுவைப்படகுகளுக்கு அப்போது தடையிருந்த ஏப்ரல்–மே பருவத்தில் 45 நாள் பாசியைத் தொடாதிருப்பது என்பன அவற்றுள் முதன்மையானவை. பாசியின் வளர்ச்சிக் காலத்தையும் நீரோட்டத்தையும் அறிந்தோர் இயற்றிய விதிகளாதலால், காவல் இல்லாத நாளிலும் இவை கடைப்பிடிக்கப்பட்டன. இக்கடலில் நடந்த பாதுகாப்பு முயற்சிகளுள் முதலிடம் தரத்தக்கது இதுவே. சின்னப்பாலத்தைச் சேர்ந்த பாசி எடுக்கும் பெண்களின் தலைவி ஒருவருக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு தன் ஆண்டு விருதை வழங்கியது.

எடுப்பதைக் குறைத்து வளர்ப்பதைக் கூட்டுவது இரண்டாம் வழி. உலகளவில் இவ்வழி முன்பே வென்றுவிட்டது: ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் கணக்குப்படி 2019இல் கிடைத்த சுமார் 3.6 கோடி டன் பாசியில் 97 விழுக்காடு வளர்க்கப்பட்டதாகும்; அதில் பாதிக்கும் மேல் சீனாவினுடையது. இவ்வெற்றிக்கு வித்திட்டவர்களுள் ஒருவர் பிரித்தானியத் தாவரவியலாளர் கேத்லீன் ட்ரூ-பேக்கர். சிப்பியோட்டில் துளையிட்டு வாழும், தனியினம் என்று கருதப்பட்ட ஒரு சிறுபாசி, நோரி என்னும் உணவுப் பாசி வகையின் வாழ்க்கைச் சுழற்சியில் ஒரு பருவமே என்று அவர் 1949இல் நிறுவினார். வித்து எங்கிருந்து வருகிறதென்று அறியாமல் கடலின் போக்கையே நம்பியிருந்த ஜப்பானிய உழவர்கள் அதன்பின் சிப்பியோட்டில் வித்தைத் தாமே வளர்த்து வலையில் ஏற்றலாயினர். உதோ நகரில் அவர்கள் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பியுள்ளனர்.

மன்னார்க் கரைக்கு வந்த வளர்ப்பினம் கப்பாபைக்கஸ் ஆல்வரேசி. பிலிப்பைன்சில் 1970களில் பயிரான இதனை மத்திய உப்பு மற்றும் கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் 1984இல் குஜராத்தின் ஓக்காவுக்கும், 1995இல் மண்டபத்துக்கும் கொண்டுவந்தது. 2000 முதல் பெப்சி நிறுவனம் இதன் வணிக வளர்ப்பில் இறங்கியதால் ஊரார் நாவில் இது ‘பெப்சிப் பாசி’ ஆயிற்று. 12 அடிச் சதுர மூங்கில் மிதவையில் 20 கயிறுகள் கட்டி, கயிற்றுக்கு 20 வீதம் 150 கிராம் துண்டுகளை முடிந்து, மீன் மேயாதிருக்க அடியில் வலை விரித்துக் கடலில் விடுவர். இந்த 60 கிலோ வித்துத் துண்டுகள் 45 நாளில் மூன்று நான்கு மடங்காகும். மகளிர் தன்னுதவிக் குழுக்களின் கையில் பணம் புழங்கியது. மூழ்காமல் ஈட்ட முடிந்ததே பலருக்குப் பெரிய விடுதலை.

அயலினமாதலால் இதற்கொரு விலையும் இருந்தது. மிதவையிலிருந்து அறுந்த துண்டுகள் பவளத்தில் தங்கிப் போர்வையாகப் படர்ந்து உயிர்ப்பவளத்தை மூச்சடைக்கச் செய்வது குருசடைத் தீவில் 2008இல் பதிவாயிற்று. தமிழ்நாடு அரசு 2005 டிசம்பரிலேயே ஆணையொன்றின் வழியாக இதன் வளர்ப்பைப் பாக் விரிகுடாவுக்கு வடக்கிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் உள்ள கடலுக்கு மட்டும் என வரையறுத்திருந்தது. 2013ஐ ஒட்டிய ஆண்டுகளில் நீர் சூடேறியும் நோய் தாக்கியும் பயிர் கூட்டமாக மடிந்தது. ஒரே தாயின் துண்டிலிருந்து துண்டாகப் பெருக்கிய பயிருக்கு நோயைத் தாங்கும் வேறுபாடு குறைவு என்பதை நோக்கினால், இவ்வீழ்ச்சி எதிர்பாராததன்று.

இதன்பின் உள்நாட்டுக் கஞ்சிப்பாசியை மிதவையில் வளர்க்கும் முயற்சிகளுக்கும், மண்டபம் மீன்வள நிலையம் உருவாக்கிய கூட்டுவளர்ப்புக்கும் கவனம் திரும்பியது. கூட்டுவளர்ப்பில் கடல்விரால் வளரும் கூண்டைச் சுற்றிப் பாசி மிதவைகள் நிறுத்தப்பட, மீன்கழிவின் தழைச்சத்தைப் பாசி உறிஞ்சி நீரைத் தூய்மையாக்குகிறது. உலராத கப்பாபைக்கஸ் பாசியைப் பிழிந்த சாற்றைப் பயிர்வளர்ச்சி ஊக்கியாக விற்று, எஞ்சிய சக்கையிலிருந்து காரஜீனன் எடுக்கும் முறையும் ஆலைகளில் நிலைபெற்றது. 2023 செப்டம்பரில் இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தீவோரம் மூழ்கிப் பறிக்கும் பெண்கள் தாமே இயற்றிக் காத்துவந்த விதிகளோ தேசியப் பூங்காவின் சட்டத்துக்குள் இன்னும் இடம்பெறவில்லை.