பாட்டியின் கொல்லையும் வாஸ்கோட காமாவும்

ஆடிப் பட்டத்துக்கு உள்ள பெயரும் புகழும் தைப் பட்டத்துக்குக் கிடையாது. "ஆடிப் பட்டம் தேடி விதை" என்று பழமொழி சொன்னவர்கள் தை மாசத்தை மறந்துவிட்டார்கள். எங்கள் பாட்டி மறக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஊறிக் கிடந்த கொல்லை, மார்கழிப் பனியில் மெல்ல இறுகி, பொங்கல் கழிந்ததும் மண்வெட்டிக்கு இணங்கி வரும். கொத்திப் போட்டு நாலு நாள் வெயில் காயவிட்டு, மக்கிய எருவைக் கலந்து பாத்தி கட்டச் சொல்வாள். பாகல் விதையை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப் போடுவாள். புடலைக்குக் குழிக்கு மூன்று விதை. இலை விட்டதும் வண்டு அண்டாமல் அடுப்புச் சாம்பல்.

இத்தனை அக்கறைக்கும் காரணம் உண்டு. வைகாசியில் தாத்தாவின் திதி. அன்றைக்கு இலையில் விழும் காய்கறி எல்லாம் கொல்லையிலிருந்தே வர வேண்டும் என்பது பாட்டியின் பிடிவாதம்.

சிராத்தச் சமையலை நேயர்களில் பலர் அறிவார்கள். மிளகாய் கிடையாது; காரத்துக்கு மிளகுதான். தக்காளி, உருளைக்கிழங்கு வாசற்படி ஏறக் கூடாது. வாழைக்காய், புடலை, பாகல், சேம்பு இவற்றுக்குத்தான் மரியாதை. இதை வெறும் ஆசாரம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். பிறகுதான், அந்த இலை ஒரு சரித்திர சாசனம் என்று புரிந்தது.

மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றுமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1492-இல் கொலம்பஸ் அங்கே போய்ச் சேரும்வரை நம் பக்கத்தில் எவரும் அவற்றைக் கண்டதில்லை. 1498-இல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்தான். 1510-இல் போர்த்துக்கீசியர் கோவாவைப் பிடித்தார்கள். மிளகைத் தேடி வந்தவர்கள் நமக்கு மிளகாயைத் தந்தார்கள்! மிளகைப் போல் உறைக்கும் காய், ஆகவே மிளகாய். பெயரை இரவல் வாங்கிக்கொண்டு, நாளடைவில் மிளகின் இடத்தையும் பிடித்துக்கொண்டது. வருஷம் முழுவதும் அதற்கு ராஜ்யம். திதியன்று மட்டும் பழைய ராஜாவுக்குப் பட்டாபிஷேகம்.

கல்லூரியில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்த கர்வத்தில், ஒரு தை மாசம் இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். அவள் அப்போது சர்க்கரைவள்ளிக் கொடியை முழ நீளம் நறுக்கிப் பாரில் ஊன்றிக்கொண்டிருந்தாள். அதுவும் திதிக்குத்தான், எங்கள் வீட்டு வழக்கம்.

"பாட்டி, அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான்" என்றேன்.

கையிலிருந்த கொடி அப்படியே நின்றது. தாத்தாவுக்குச் சர்க்கரைவள்ளி என்றால் உயிர் என்பது அப்புறம்தான் என் நினைவுக்கு வந்தது.

"வந்து எத்தனை வருஷம் ஆச்சு?"

"நானூறு வருஷத்துக்கு மேல் இருக்கும்."

"அப்படின்னா நம்மாத்துதுதான்" என்று சொல்லிக் கொடியை ஊன்றி, மண்ணை அழுத்தினாள்.

"மிளகாயும் அப்போது வந்ததுதானே?" என்றேன் விடாமல்.

"அது வேற, இது வேற. போய்த் தண்ணி இறை."

நான் வாயடைத்துப் போய்த் தண்ணீர் இறைத்தேன். இப்போது யோசித்தால், பாட்டியின் தீர்ப்பில் ஒரு நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. வள்ளிக்கிழங்கு சங்க நூல்களிலேயே பேசப்படும் பழங்கிழங்கு. கப்பலேறி வந்த கிழங்கு அதன் உறவுக்காரன்போல் பெயர் சொல்லிக்கொண்டு, யாரையும் எழுப்பிவிடாமல் பந்தியின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டது. மிளகாயோ வீட்டுக்காரனையே எழுப்பிவிட்டு உட்கார்ந்தது. இது என் ஊகம்தான். பாட்டி காரணம் எதுவும் சொல்லவில்லை.

அந்தக் கொல்லை இன்று எங்களிடம் இல்லை. பாட்டியின் திதிக்குக் கடையில்தான் காய் வாங்குகிறோம். பட்டியல் எழுதும்போது சர்க்கரைவள்ளியை மட்டும் முதலில் எழுதிவிடுகிறேன்.