புகையிலை வந்த வழியும் போக வேண்டிய வழியும்

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் கழுகுமலை உள்ளது. அம்மலைப் பாறையில் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் திருவுருவங்களையும் அவற்றின் கீழுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளையும் நம் குடும்பத்தார் பலர் கண்டு வணங்கியிருப்பர். குரவரும் குரத்தியரும் மாணாக்கரும் அங்கே வாழ்ந்து அறம் பயின்றமைக்கு அக்கல்வெட்டுகளே சான்று. இல்லறத்தார் விலக்க வேண்டியன என்று நம் அறநூல்கள் தரும் பட்டியலில் கள், ஊன், தேன், சூது முதலியன இடம்பெறுகின்றன. புகையிலை இல்லை. கழுகுமலைச் சிற்பங்கள் உருவான காலத்தில் அச்செடியே பாரத நாட்டில் இல்லை என்பதே காரணம்.

நூலில் பெயர் இல்லாத ஒன்றை நூல் விலக்கவில்லை என்று கொள்ளலாமா? இவ்வினாவுக்கு விடை காணுமுன், அச்செடி நம் வாயில்வரை வந்த வரலாற்றை அறிவது நலம்.

கடல் கடந்து வந்த இலை

புகையிலையின் தாயகம் அமெரிக்கக் கண்டம். கொலம்பசின் 1492ஆம் ஆண்டுப் பயணத்திற்குப் பிறகே பிற நாட்டார் அதனை அறிந்தனர். போர்ச்சுக்கீசியர் வாயிலாக அது நம் மேற்குக் கடற்கரையை அடைந்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீஜப்பூருக்குச் சென்று திரும்பிய ஆசாத் பேக் என்னும் அதிகாரி, அதனை அக்பரின் அரசவைக்குக் கொண்டு சேர்த்தார். அரண்மனை மருத்துவர்கள் அதனை ஐயத்துடனேயே நோக்கினர். அக்பரின் மகன் ஜகாங்கீர் 1617இல் புகைபிடித்தலைத் தடை செய்தார். இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ், அதற்கு முன்பே 1604இல், புகையிலையைக் கண்டித்துத் தாமே ஒரு சிறுநூல் எழுதி வெளியிட்டார்.

இரு மன்னர் முயற்சியும் வெல்லவில்லை. பழகியவர் விடவில்லை; வணிகர் கைவிடவில்லை; நாளடைவில் அரசுகளே அதன் வரிவருவாயில் சுவை கண்டன.

தமிழகமும் புகையிலையை விரைவில் ஏற்றுக்கொண்டது. யாழ்ப்பாணமும் வேதாரணியமும் புகையிலைக்குப் பெயர் பெற்றன. திண்டுக்கல் சுருட்டு கடல் கடந்தது. வெற்றிலைத் தட்டில் பாக்குக்கும் சுண்ணாம்புக்கும் அருகே அதற்கும் ஓர் இடம் கிடைத்தது. இலக்கியமும் விலகி நிற்கவில்லை. அன்னமும் கிளியும் மேகமும் தூது சென்ற தமிழில், சீனிச்சர்க்கரைப் புலவர் 'புகையிலை விடு தூது' பாடினார். ஒரு பொருள் சமுதாயத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டா.

நெல்லைச் சீமையின் பீடி

சிகரெட்டைச் சுற்றும் இயந்திரம் 1880களில் வந்தது. 1910இல் கல்கத்தாவில் இம்பீரியல் புகையிலை நிறுவனம் தொடங்கப்பட்டது. சுதேசி உணர்வு ஓங்கிய காலத்தில், அந்நியச் சிகரெட்டுக்கு மாற்றாகப் பீடி உள்நாட்டுப் பொருள் என்ற மதிப்பைப் பெற்றது. அம்மதிப்பு அதன் நஞ்சை மறைத்தது.

முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம், கடையம், தென்காசி என நம் வட்டாரமெங்கும் இத்தொழில் பரவியது. மத்தியப் பிரதேசம், ஒடிசா முதலிய மாநிலக் காடுகளிலிருந்து வரும் பீடி இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூளை இட்டுச் சுருட்டி, நூலால் கட்டுவர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கூலிக் கணக்கு. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இதனைச் செய்வோருள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்காக 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமும், 1976இல் நலநிதிச் சட்டமும் இயற்றப்பட்டன.

என் ஆசிரியப் பணிக்காலத்தில், பீடி சுற்றும் தாய்மாரின் பிள்ளைகள் பலர் என் வகுப்பில் பயின்றனர். அவ்வுழைப்பால் பட்டம் பெற்றோரும் உளர். புகையிலைத் தூளைச் சுவாசித்து இருமியும், குனிந்திருந்து முதுகு நொந்தும் அத்தாய்மார் ஈட்டிய காசு அது. ஆதலின் புகையை வெறுப்போர் அதனைச் சுற்றும் கைகளை வெறுத்தலாகாது.

அறிவியல் கண்ட உண்மை

புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் இங்கிலாந்தில் டால், ஹில் என்னும் இருவர் தெளிவாக எடுத்துக்காட்டினர். 1964இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை அதனை உலகறியச் செய்தது. 1981இல் ஜப்பானில் ஹிரயாமா வெளியிட்ட ஆய்வு, தாம் புகைபிடிக்காத மனைவியரும் கணவரின் புகையால் நுரையீரல் புற்றுநோய்க்கு ஆளாவதைக் காட்டியது.

நமக்கு மிக நெருக்கமான ஆய்வு 2003இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. சென்னையிலும் விழுப்புரம் மாவட்டச் சிற்றூர்களிலும் இறந்த ஏறத்தாழ 43,000 ஆடவரைப் பற்றிய ஆய்வு அது. புகைபிடித்தோர் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, பிடிக்காதோரைக் காட்டிலும் நான்கு மடங்குக்கும் மேல் எனக் கண்டனர். மேல்சித்தாமூர் மடம் அமைந்துள்ள விழுப்புரம் மாவட்டம் தமிழ்ச் சமணர் செறிந்து வாழும் பகுதி என்பதை நினைவில் கொள்க. பீடி எளியது, ஆகவே தீங்கு குறைந்தது என்பதும் பொய். அதன் இலையில் காற்று எளிதில் ஊடுருவாது; அணையாதிருக்க அடிக்கடி இழுக்க வேண்டும்; ஆதலின் நச்சு மிகுதியாக உட்செல்கிறது.

சட்டமும் பயனும்

1975இல் சிகரெட்டுப் பெட்டியின்மீது எச்சரிக்கை வாசகம் கட்டாயமாயிற்று. பொதுவிடத்தில் புகைபிடித்தல் சட்டத்திற்கு மாறானது எனக் கேரள உயர்நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தது. 2001இல் உச்சநீதிமன்றம் நாடு முழுவதற்கும் ஆணை பிறப்பித்தது. 2003இல் புகையிலைப் பொருள்கள் சட்டம் இயற்றப்பட்டது. பள்ளி, கல்லூரிகளைச் சுற்றி 100 கஜத்திற்குள் விற்பனையும், 18 வயது நிரம்பாதோர்க்கு விற்பதும் குற்றமாயின. 2008 காந்தி பிறந்தநாளன்று பொதுவிடத் தடை விதிகள் நடைமுறைக்கு வந்தன. 2009இல் எச்சரிக்கைப் படங்கள் தோன்றின. 2016இல் அவை பெட்டியின் 85 விழுக்காட்டுப் பரப்பை நிறைத்தன.

நாட்டில் புகையிலையைப் பயன்படுத்தும் வயதுவந்தோர், 2009-10 கணக்கெடுப்பில் 34.6 விழுக்காட்டினர், 2016-17இல் 28.6 விழுக்காட்டினர். மன்னர் ஆணையால் ஆகாதது ஓரளவேனும் ஆயிற்று. ஆணை மட்டும் அன்றி அறிவும் அச்சமும் உதவியும் ஒருங்கு சேர்ந்தமையே காரணம் எனலாம்.

வினாவுக்கு விடை

இனி, தொடக்க வினாவுக்கு வருவோம். சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதனை அடியொற்றிய தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பும் இல்லறத்தார் விரதங்களை விளக்குவன. அவற்றுள் ஒன்று அனர்த்த தண்ட விரதம். அதாவது பயனின்றி உயிர்க்குத் தீங்கு செய்யாமை. வீணாக நிலத்தைத் தோண்டுதல், நீரைச் சிதறுதல், தீ மூட்டுதல், காற்றை அலைத்தல் ஆகியன அங்கே விலக்கப்படுகின்றன. புகைபிடிப்போர் பயனின்றித் தீ மூட்டுகின்றனர், காற்றை மாசுறுத்துகின்றனர், தம் உயிரையும் அருகிலிருப்போர் உயிரையும் வருத்துகின்றனர். புகையிலையின் பெயர் நூலில் இல்லை. அதன் செயல் இருக்கிறது.

ஆகவே நாம் செய்யத்தக்கன சில. நம்மவர் கடைகளில் இப்பொருளுக்கு இடம் தராதிருக்கலாம். திருமணத் தாம்பூலத் தட்டிலிருந்து இதனை முற்றும் நீக்கலாம். பீடி சுற்றும் குடும்பப் பெண்பிள்ளைகளின் கல்விக்கு உதவினால், அவர்கள் வேறு தொழில் நாட வழி பிறக்கும். பழக்கத்தை விட விரும்புவோரை இகழாமல், 1800 11 2356 என்னும் கட்டணமில்லா அரசுத் தொலைபேசி வழியே அறிவுரை பெறச் செய்யலாம். விட்டவருக்கு ஓராண்டில் இதயநோய் அபாயம் பாதியளவு குறைகிறது என்பது மருத்துவர் கூற்று. வரும் தசலட்சண நாள்களில் தவத்தையும் தியாகத்தையும் போற்றுகையில், நம் இல்லத்தில் ஒருவரேனும் இதனை விட்டொழிக்க உறுதி பூண்டால், அது மெய்யான நோன்பாகும்.

அறம் வளர்க! உயிர்கள் நலம் பெறுக!