காலடிக் கல்லுக்கு ஓர் இரங்கல்

வளைகுடாக் கடலில் முத்துக் குளிப்போரை ஆழத்துக்கு இறக்கிய கல் இன்று இல்லை. அந்த முத்துத் தொழில் 1930-களில் நலிந்தது. 1950-களில் எஞ்சியிருந்த சில படகுகளும் கரையேற்றப்பட்டபோது கல்லின் வேலை முடிந்துபோனது. முத்தைப் பற்றிப் பேச வணிகர்கள் இருந்தார்கள். படகைப் பற்றியும் கடற்பாட்டைப் பற்றியும் பேசப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். காலடியில் கிடந்த இந்தக் கல்லுக்காகவும் யாராவது நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

ஏறத்தாழ ஐந்து கிலோ எடை. மேல்பக்கம் ஒரு துளை, துளையில் கயிறு, கயிற்றில் பாதம் நுழையும் அளவுக்கு ஒரு கண்ணி. குளிப்பவரை அரபியில் ‘கைஸ்’ என்பார்கள். அவர் படகின் விளிம்பை ஒட்டித் தண்ணீரில் நின்று, ஆமையோட்டிலோ கொம்பிலோ செய்த கவ்வியால் மூக்கை இறுக்கிக்கொள்வார். கழுத்தில் வலைக்கூடை, விரல்களில் தோலுறை. மூச்சை இழுத்து நிறுத்தி, ஒரு பாதத்தைக் கண்ணியில் கொடுத்ததும் கயிறு விடப்படும். பதினைந்து மீட்டரோ அதற்கு மேலோ, சில விநாடிகளில் கடலடி. கால் கண்ணியிலிருந்து விலகியவுடன் கல்லைப் படகிலிருந்து இழுத்துக்கொள்வார்கள். குளிப்பவருக்குக் கீழே கிடைப்பது ஒரு நிமிடம், கூடிப்போனால் ஒன்றரை நிமிடம். அதற்குள் சிப்பிகளைப் பிய்த்தெடுத்துக் கூடையில் போட்டுத் தன் இடுப்புக் கயிற்றை அசைக்க வேண்டும். நாள் முழுவதும் இதேதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை, கோடை கொளுத்தும் மாதங்கள் முழுவதும் இதேதான்.

கல் எதற்கு? மூச்சு நிறைந்த மனித உடல் கடலில் மூழ்காது, மிதக்கும். வளைகுடா நீரோ மற்றக் கடல்களைவிட உப்புக் கூடியது. பொதுவாகக் கடல்நீரில் கிலோவுக்கு 35 கிராம் உப்பு என்றால் இங்கே 40 கிராம். அந்த அடர்த்தி உடலை இன்னும் சற்று மேலே தள்ளும். கையையும் காலையும் அடித்துக் கீழே போகலாம். ஆனால் அப்படிப் போகிறவர் பிடித்துவைத்த மூச்சில் பாதியைப் போகிற வழியிலேயே செலவழித்துவிடுவார். கல்லில் நின்று இறங்குகிறவர் ஒரு தசையையும் அசைப்பதில்லை. பூமியின் இழுப்பு அவருக்காக உழைக்கிறது. அந்த மூச்சு முழுவதும் சிப்பிக்கு மிஞ்சுகிறது.

ஐந்து கிலோக் கல் தண்ணீருக்குள் ஐந்து கிலோவாக இருப்பதில்லை. தான் விலக்கும் நீரின் எடையை இழந்து ஏறக்குறைய மூன்று கிலோவாகிவிடும். அதே எடையுள்ள ஈயக்கட்டி அரைக் கிலோவுக்கும் குறைவாகத்தான் இழக்கும். பிற்காலத்தில் பல படகுகளில் கல்லின் இடத்துக்கு ஈயம் வந்ததன் நியாயம் இதுதான். ஆர்க்கிமிடீசின் பெயர் தெரியாத மாலுமிகள் அவருடைய விதியைக் காலால் அளந்து வைத்திருந்தார்கள்.

புவியீர்ப்பின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் மரத்தையும் கோபுரத்தையும் பற்றியே சொல்கிறார்கள். ஆப்பிள் விழுந்தது, பைசா கோபுரத்திலிருந்து குண்டு விழுந்தது என்று. கடலில் விழுந்த கற்களின் கணக்கு அதில் வருவதில்லை. அது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. கனமான பொருள் தன் இயல்பான இடமான பூமியின் மையத்தை நாடி விரைகிறது, கனம் கூடினால் வேகமும் கூடும் என்றார் அரிஸ்டாட்டில். வெற்றிடத்தில் அது தவறு. 1971 ஆகஸ்டில் நிலவில் நின்ற அப்பல்லோ 15 வீரர் டேவிட் ஸ்காட், சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விழவைத்துக் காட்டினார். ஆனால் தண்ணீருக்குள் பெரிய கல் சிறிய கல்லை முந்திக்கொண்டுதான் இறங்கும். கலிலியோ நீரையும் காற்றையும் மனத்தால் விலக்கிவிட்டு யோசித்ததால் புதிய இயற்பியலைக் கண்டார். குளிப்பவரால் நீரை விலக்க முடியாது. அவர் வாழ்ந்த உலகத்தில் அரிஸ்டாட்டில் சொன்னது நாள்தோறும் மெய்ப்பட்டது.

கீழ்த்திசையில் வேறொரு சிந்தனை ஓடிக்கொண்டிருந்தது. பொருள்களை ஈர்த்து வைத்துக்கொள்வது பூமியின் இயல்பு என்று 7ஆம் நூற்றாண்டில் பிரம்மகுப்தர் கருதினார். அந்தக் கருத்தை இந்தியாவைப் பற்றிய தம் நூலில் அரபியில் எடுத்தெழுதியவர் அறிஞர் அல்பீரூனி. அதே அல்பீரூனி மணிகளைப் பற்றித் தனி நூல் எழுதினார். அதில் முத்துக்கு நீண்ட பகுதி உண்டு. ஒரு பொருளை நீர் நிறைந்த கலத்தில் இட்டு, வழிந்த நீரை நிறுத்து, அந்தப் பொருளின் ஒப்படர்த்தியைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றையும் அவர் செய்தார். நூறாண்டு கழித்து, 1121 வாக்கில், மெர்வ் நகரில் அல்காஸினி ‘ஞானத் தராசு’ என்ற நூலை முடித்தார். ஐந்து தட்டுகள் கொண்ட தராசு, அதில் ஒரு தட்டு நீருக்குள். உலக மையத்திலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு பொருளின் கனம் மாறும் என்றும் அவர் எழுதினார். நியூட்டனின் ‘பிரின்சிபியா’ 1687இல்தான் வந்தது.

இந்த அறிஞர்களுக்குப் போலியையும் அசலையும் பிரிக்கும் தேவையைக் கொடுத்தது மணி வணிகம். அந்த வணிகத்துக்கு முத்தைக் கொண்டுவந்து சேர்த்தது காலடிக் கல். கல்லின் எடையில் தொடங்கிய காரியம் முத்தின் எடையில் வந்து முடிந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் முத்துகளை வட்டம், கறடு, சப்பத்தி என்று வகைபிரித்துக் கழஞ்சிலும் மஞ்சாடியிலும் எடை சொல்கின்றன. மன்னார்க் கரையில் முத்தின் மதிப்பைக் கணக்கிட எடையை எடையாலேயே பெருக்கி, முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்தார்கள். எடை இரட்டித்தால் மதிப்பு நான்கு மடங்கு. வளைகுடாவின் வணிகர்களும் பம்பாய்ச் சந்தையும் ‘சவ்’ என்ற பெயரில் இதே போக்கில்தான் கணக்கிட்டார்கள்.

பாண்டிக் கடலும் பாரசீகக் கடலும் வணிகத்தில் மட்டும் கலக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் இலங்கையின் மரிச்சுக்கட்டியில் சலாபம் என்ற முத்துக்குளிப்புப் பருவம் கூடியபோது வளைகுடாவிலிருந்து அரபுக் குளிப்போர் வந்து இறங்கினார்கள். தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் தமிழர்கள் போனார்கள். ஒரே முத்துப்படுகையில், அடுத்தடுத்த படகுகளிலிருந்து கற்கள் இறங்கின. அரபுக்காரர் மூக்குக்குக் கவ்வி மாட்டினார், நம்மவர் விரலால் பிடித்துக்கொண்டார். நம் படகுகளில் ஒரு கல்லுக்கு இரண்டு குளிகாரர்கள். ஒருவர் மேலே வந்து மூச்சு வாங்கும்போது அதே கல்லில் மற்றவர் இறங்குவார். 1906 சலாபத்தில் இளம் அதிகாரியாக வேலை பார்த்த லெனர்ட் உல்ஃப், கடலில் இறந்துபோன ஓர் அரபுக் குளிகாரரின் உடல் கரைக்கு வந்ததையும், அவரைச் சேர்ந்தவர்கள் புலம்பியதையும் எழுதிவைத்திருக்கிறார். சொந்த மண்ணை விட்டு எட்டாத தூரத்தில், தமிழ் பேசும் கரையில் அடங்கிய அந்த மனிதரை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

இறங்குவது இலவசம், ஏறுவதுதான் விலை. பத்து மீட்டர் ஆழத்தில் நுரையீரலுக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கிவிடும். மேலே மிதந்த உடல் அங்கே மிதக்காது, தானாகவே அமிழத் தொடங்கும். அதுவரை துணை நின்ற இழுப்பு அந்த இடத்திலிருந்து எதிரியாகிறது. சிப்பிக் கூடையும் மூச்சுத் திணறலுமாக இருப்பவரை மேலே கொண்டுவருவது படகில் கயிற்றைப் பிடித்திருக்கும் ‘ஸைப்’. கண் முழுவதும் கயிற்றில் இருக்க வேண்டும். ஓர் அசைவைத் தவறவிட்டால் கீழே ஓர் உயிர் போய்விடும். குளிப்பவரின் வீரத்தைப் பாடிய அளவுக்கு இந்தக் கயிற்றுக்காரரின் கவனத்தை யாரும் பாடவில்லை.

கயிறு உடலை மேலே இழுத்தது. கடன் வாழ்க்கையைக் கீழே இழுத்தது. பருவம் தொடங்கும்முன் படகுத் தலைவரான நாகுதா முன்பணம் கொடுப்பார். பருவம் முடிந்து கணக்குப் பார்த்தால் பலருக்குக் கடன்தான் மிஞ்சும். அப்பன் இறந்தால் கடன் மகன் தலையில் விழுந்த வழக்கமும் இருந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் பலுசிஸ்தானிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகள் இந்தக் கல்லில் நின்று இறங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய பங்கு எசமானருக்குப் போனது. பஹ்ரைனில் 1920-களில் குளிப்போரின் கணக்கை ஒழுங்குபடுத்தச் சீர்திருத்தம் வந்தது. 1932இல் குளிப்போர் கலவரத்தில் இறங்கும் அளவுக்கு அங்கே நெருக்கடியும் முற்றியது. கல்லுக்கு அஞ்சலி செலுத்தும்போது இதையும் சொல்லாமல் விட்டால் அது கல்லில் நின்றவர்களுக்குச் செய்யும் துரோகம். ஏஜெண்டுக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்கிவிட்டு இன்று துபாய்க்கும் தோஹாவுக்கும் விமானம் ஏறும் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு புதிதாக இருக்காது.

கல்லின் முடிவு வேகமாக வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளைகுடாவில் 4,500 அளவில் படகுகளும் 74,000 அளவில் ஆட்களும் முத்துத் தொழிலில் இருந்ததாக பிரிட்டிஷ் அதிகாரி லோரிமர் தொகுத்த தகவல் களஞ்சியம் சொல்கிறது. 1920-களில் ஜப்பானில் மிகிமோட்டோ வளர்த்த முத்துகள் சந்தையை நிறைத்தன. 1929இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. நியூயார்க்கிலும் பாரிசிலும் முத்து வாங்க ஆளில்லை. 1932இல் பஹ்ரைனில் எண்ணெய் வந்தது. மாதச் சம்பளம் கிடைக்கும் வேலை இருக்கும்போது யார் கல்லில் நிற்பார்கள்?

1954இல் பிரெஞ்சுக் கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோவின் ‘கலிப்சோ’ கப்பல் அபுதாபிக் கடலுக்கு வந்தது. எண்ணெய் தேடும் பணி. முதுகில் காற்றுக் கலன் கட்டிய முக்குளிப்போர் கடலடிப் பாறையைப் பெயர்த்தெடுத்தார்கள். புவியீர்ப்பு இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறது என்று அளக்கும் கருவியையும் கடலடிக்கு இறக்கினார்கள். அடியில் அடர்ந்த பாறையா, இலேசான படிவமா என்று அந்த நுண்ணிய வேறுபாடு காட்டிக்கொடுக்கும். பல நூற்றாண்டுகளாகக் கற்கள் இறங்கிய கடலில் புவியீர்ப்பையே அளக்கும் கருவி இறங்கியது. நான்கே ஆண்டுகளில், 1958இல், அந்தக் கடலின் உம் ஷைஃப் பகுதியில் எண்ணெய் கண்டார்கள்.

நம் பக்கமும் அதே காலம்தான். மன்னார் வளைகுடாவின் இந்தியக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது.

வளைகுடா நாடுகள் தம் முத்துக்காலத்தை மறக்கவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். மராவா தீவில் கிடைத்த, ஏறத்தாழ 8,000 ஆண்டுப் பழமையான முத்தை 2019இல் அபுதாபி லூவர் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். பஹ்ரைனின் முஹர்ரக்கில் முத்துத் தொழிலின் வீடுகளும் கரையும் 2012 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். குவைத்தில் இளைஞர்கள் கோடையில் மரப்படகேறிப் பழைய முறையில் குளித்துப் பார்க்கிறார்கள். துபாயில் 2021இல் திறந்த 60 மீட்டர் ஆழக் குளத்தின் கட்டடத்தைச் சிப்பி வடிவிலேயே கட்டினார்கள். அதில் நன்னீர், விளக்கு, பாதுகாப்பு எல்லாம் உண்டு. பசியும் கடனும் இல்லை, இருக்கவும் வேண்டாம்.

எமிரேட்ஸின் அல் ஐன் பகுதியில் பிறந்த விண்வெளி வீரர் சுல்தான் அல் நெயாதி 2023 ஏப்ரல் 28 அன்று விண்நிலையத்துக்கு வெளியே நடந்தார். அப்படி நடந்த முதல் அரபியர் அவர். அந்த நடைக்காக ஹூஸ்டனில் 12 மீட்டர் ஆழமுள்ள குளத்தில் பயிற்சி எடுத்தார். அமிழவும் கூடாது, மிதக்கவும் கூடாது என்பதற்காக அங்கே விண்ணுடையில் எடைக்கட்டிகளையும் மிதவைகளையும் பார்த்துப் பார்த்துச் சேர்ப்பார்கள். வளைகுடாவின் குளிகாரர்கள் இறங்கியதற்கு நெருங்கிய ஆழம், உடலோடு சேர்ந்த எடை, அடக்கி நடத்த வேண்டிய அதே இழுப்பு. முன்னோர் அதை ஏற்றுக்கொண்டு கீழே போனார்கள், இவர் அதை ஈடுகட்டி நிற்கக் கற்றார்.

அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் சில கற்கள் பத்திரமாக இருக்கின்றன. என் கவலை வெளியே இருப்பவற்றைப் பற்றி. தூத்துக்குடியிலோ கீழக்கரையிலோ சிலாவத்துறையிலோ பழைய வீட்டை இடிக்கும்போது மேலே துளையிட்ட ஒரு கல் கிடைத்தால் அதை அடித்தளத்தில் போட்டுவிடாதீர்கள். வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால் அது யார் காலடியில் இருந்தது என்று கேளுங்கள். அந்தப் பெயரை எழுதிவையுங்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் தமிழர்களே, ஒரு வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் போனால், முத்துப் பெட்டியைப் பார்த்தபின் கல்லின் முன்னும் ஒரு நிமிடம் நில்லுங்கள். பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தால், புவியீர்ப்பு என்று பாடத்தில் படிப்பதைக் காலில் கட்டிக்கொண்டு பிழைத்தவர்கள் இருந்தார்கள் என்று சொல்லுங்கள்.