பொறியும் பொறுப்பும்

தமிழில் 'பொறி' என்னும் சொல்லுக்குப் பொருள் பல. மனிதன் ஆக்கிய இயந்திரமும் பொறி. மெய், வாய், கண், மூக்கு, செவி என்பனவும் ஐம்பொறிகள். இவ்விரு பொருள்களும் ஒன்றையொன்று தொடும் இடமொன்றை அண்மைக்கால இயந்திர வரலாற்றில் காண்கிறோம். முன்னே செல்லும் வண்டியைத் தானே கண்டறிந்து, அதற்கும் தனக்கும் இடையே தக்க இடைவெளியைத் தானே காத்து ஓடும் காரைத்தான் குறிப்பிடுகிறோம். இவ்வமைப்பை 'அடாப்டிவ் குரூஸ் கண்ட்ரோல்' என்கிறார்கள். சூழலுக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் வேகக் கட்டுப்பாடு என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். 2020-க்குப் பின் இந்தியச் சந்தைக்கு வந்த கார்கள் பலவற்றில் இது இடம்பெற்றுவிட்டது. இப்பொறி வந்த வழியை அறிந்துகொண்டால், அது எதைச் செய்யும், எதை நம்மிடமே விட்டுவைத்திருக்கிறது என்பதும் தெளிவாகும்.

பார்வை இழந்தவரின் கொடை

இக்கதை, ஒரு காரையும் கண்ணால் பார்த்து ஓட்டியிராத ஒருவரிடமிருந்து தொடங்குகிறது என்பது வியப்புக்குரியது. ரால்ஃப் டீட்டர் 1890-இல் அமெரிக்க நாட்டின் இந்தியானா மாநிலத்தில் பிறந்தவர். ஐந்து வயதில் கத்தி பட்டு ஒரு கண்ணில் காயமுற்றார். அதன் விளைவாக ஓராண்டு காலத்திற்குள் இரு கண்களின் பார்வையையும் இழந்தார். ஆயினும் 1912-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றார். முதல் உலகப் போரின்போது, போர்க்கப்பல்களின் நீராவிச் சுழலிகள் அதிர்வின்றிச் சுழலும்படி அவற்றைச் சமன்செய்யும் நுட்பமான வேலையில் ஈடுபட்டார். பிறர் கண்ணால் தேடியதை அவர் தொடுவுணர்வால் கண்டார். 1936-இல் அமெரிக்க மோட்டார் வண்டிப் பொறியாளர் சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார்.

அவருடைய வழக்கறிஞர் ஒருவர் கார் ஓட்டும்போது, தாம் பேசுகையில் வேகத்தைக் குறைப்பாராம். பிறர் பேசக் கேட்கையில் கூட்டுவாராம். அருகில் அமர்ந்த டீட்டருக்கு இந்தத் தள்ளாட்டம் பெரும் தொல்லையாக இருந்தது; அதிலிருந்தே வேகத்தை ஒரே சீராக வைத்திருக்கும் கருவியைச் செய்யும் எண்ணம் பிறந்தது என்று சொல்லப்படுகிறது. கண்ணுள்ளவர்கள் சாலையின் காட்சிகளில் மூழ்கி இந்த ஏற்ற இறக்கத்தைக் கவனிப்பதில்லை. உடல் முழுவதாலும் பயணத்தை உணர்ந்தவருக்கே அது குறையாகப் பட்டது.

கருவியின் அடிப்படைத் தத்துவம் பழையது. 1788-இல் ஜேம்ஸ் வாட், நீராவி எந்திரத்தின் வேகத்தை அடக்கிவைக்கச் சுழலும் இரு உலோகக் குண்டுகளைப் பயன்படுத்தினார். எந்திரம் விரைந்தால் குண்டுகள் வெளிப்புறமாக விரிந்து உயரும், அந்த அசைவே நீராவி செல்லும் வழியைச் சுருக்கும், வேகம் தணியும். வேகம் தணிந்தால் குண்டுகள் தாழும். வழி மீண்டும் விரியும். எந்திரம் தன் பிழையைத் தானே உணர்ந்து திருத்திக்கொள்ளும் இந்த முறையை டீட்டர் காருக்குள் கொண்டுவந்தார். ஓட்டுநர் ஒரு வேகத்தைக் குறித்துவைப்பார். அவ்வேகத்தை எட்டியதும் ஆக்சிலரேட்டர் மிதி அவர் பாதத்தை எதிர்த்துத் தள்ளி, 'இது போதும்' என உணர்த்தும். இதற்கான காப்புரிமை 1950-இல் கிடைத்தது. பின்னர், பாதத்தை எடுத்துவிட்டாலும் வேகம் நிலைக்கும்படி அது திருத்தப்பட்டு, 1958-ஆம் ஆண்டின் கிரைஸ்லர் கார்களில் இடம்பெற்றது. 'குரூஸ் கண்ட்ரோல்' என்னும் பெயர் கேடிலாக் கார்களின் வழியே பரவியது. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், சீரான வேகம் எரிபொருளைச் சேமிக்கும் என்ற எண்ணம் வலுப்பெறவே, இதனை விரும்புவோர் பெருகினர்.

ஆனால் இக்கருவிக்கு ஒரு பெருங்குறை இருந்தது. அது தன் வேகத்தை மட்டுமே அறியும். முன்னே ஒரு லாரி மெதுவாக ஊர்ந்தால் அதற்குத் தெரியாது. குறித்த வேகத்திலேயே போய் மோதும். சாலையில் தான் ஒருவனே இருப்பதாக எண்ணிக்கொண்டு ஓடும் பொறி அது. ஆகவே, வெறிச்சோடிய நெடுஞ்சாலைக்கு மட்டுமே அது ஏற்றதாயிற்று.

பொறிக்குக் கண் கிடைத்த கதை

அயலில் இருப்பதை அறிய வேண்டுமாயின் பொறிக்குக் கண் வேண்டும். அந்தக் கண்ணுக்கான ஒளி, நம் நாட்டிலும் ஓர் ஆய்வுக்கூடத்தில் முன்பே பிறந்திருந்தது. 1890-களின் இடைப்பகுதியில் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஜகதீஷ் சந்திர போஸ், சில மில்லிமீட்டர் நீளமே உள்ள மின்காந்த அலைகளை உண்டாக்கினார். அவ்வகை அலைகளைச் சுவர்களை ஊடுருவச் செய்து, தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தும், வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டினார். 1897-இல் இலண்டன் இராயல் இன்ஸ்டிடியூஷனில் தம் ஆய்வை விளக்கினார். இன்றைய கார்களின் முகப்பில் உள்ள ரேடார் பயன்படுத்தும் அலையின் நீளம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். போஸ் தம் சிறிய கருவிகளைக் கொண்டு ஆராய்ந்த அலைகளின் குடும்பத்தைச் சேர்ந்ததே அது.

1904-இல் ஜெர்மனியின் கிறிஸ்டியன் ஹுல்ஸ்மையர் என்னும் இளைஞர், மின்காந்த அலைகளை அனுப்பி, அவை கப்பலில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு கப்பல் இருப்பதை உணர்த்தும் கருவியைக் கொலோன் நகரில் ரைன் ஆற்றங்கரையில் செய்துகாட்டினார். மூடுபனியில் கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமல் காப்பதே அவர் நோக்கம். அதை வாங்குவார் எவரும் இல்லை. இதே தத்துவம் முப்பது ஆண்டுகளுக்குப் பின் பகை விமானங்களைக் கண்டறியும் ரேடாராகப் புத்துயிர் பெற்றபோது, அரசுகள் தங்கள் கருவூலங்களைத் திறந்துவிட்டன. உயிர் காக்க என்று வந்தபோது கேட்பாரற்றுக் கிடந்த அறிவு, போருக்கு என்றதும் போற்றப்பட்டது. காரின் முகப்பில் அமர்ந்தபோதுதான் ரேடார், ஹுல்ஸ்மையர் கருதிய முதல் நோக்கத்திற்குத் திரும்பி வந்தது எனலாம்.

கார்களில் முதலில் வந்தது லேசர் கண். 1995-இல் மிட்சுபிஷி நிறுவனம் ஜப்பானில் விற்ற டயமாண்டே காரில், லேசர் ஒளியால் முன்வண்டியின் தொலைவை அளந்து வேகத்தைக் குறைக்கும் அமைப்பு இருந்தது. அதனால் பிரேக்கைப் போட இயலாது. எந்திரத்தின் விசையைக் குறைக்கவும் கியரை மாற்றவும் மட்டுமே முடியும். 1990-களின் இறுதியில் மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம் ரேடார் கொண்ட 'டிஸ்ட்ரானிக்' அமைப்பை அறிமுகப்படுத்தியது. மழையும் மூடுபனியும் லேசரை மறைக்கும் அளவுக்கு ரேடாரை மறைப்பதில்லை. 2005-இல் வந்த அதன் அடுத்த வடிவம், முன்வண்டி நின்றால் தானும் முற்றாக நிற்கும் திறனைப் பெற்றிருந்தது.

அளக்கும் முறை

ரேடார் அனுப்பும் அலை ஒளியின் வேகத்தில், அதாவது நொடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. 150 மீட்டர் முன்னே உள்ள காரில் பட்டுத் திரும்ப அதற்குப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நொடியே ஆகும். இத்துணைச் சிறு காலத்தை அளக்க ஒரு நயமான வழியைக் கண்டார்கள். பாடகர் ஒருவர் ஒரு சுரத்தைச் சீராக மேலே ஏற்றிக்கொண்டே போகிறார் எனக் கொள்வோம். எதிரொலி வந்து சேரும்போது அவர் சற்று உயர்ந்த சுரத்திற்குப் போயிருப்பார். அவர் அப்போது பாடும் சுரத்திற்கும் எதிரொலியின் சுரத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டே, எதிரொலி எவ்வளவு தொலைவிலிருந்து வந்தது எனக் கணித்துவிடலாம். ரேடாரும் தன் அலையின் அதிர்வெண்ணை இவ்வாறே ஏற்றி, வேறுபாட்டைக் கொண்டு தொலைவை அறிகிறது.

முன்வண்டியின் வேகத்தை அறிய, 1842-இல் கிறிஸ்டியன் டாப்ளர் எடுத்துரைத்த விளைவு துணைசெய்கிறது. நம்மை நோக்கி வரும் இரயிலின் ஊதல் உயர்ந்தும், விலகும் இரயிலின் ஊதல் தாழ்ந்தும் கேட்பதை அறிவோம். திரும்பி வரும் அலையிலும் அத்தகைய மாற்றம் உண்டு. அதனால் முன்வண்டி நெருங்குகிறதா, விலகுகிறதா என்பதைப் பொறி உடனே அறிந்துகொள்கிறது.

இனி, இடைவெளியைப் பார்ப்போம். பொறி காக்கும் இடைவெளி மீட்டர் கணக்கில் நிலையானதன்று. அது காலத்தால் வகுக்கப்படுகிறது. பெரும்பாலும் ஒரு நொடிக்கும் இரண்டு நொடிகளுக்குச் சற்று மேலான அளவுக்கும் இடையே ஓட்டுநர் ஒன்றைத் தேர்ந்துகொள்வார். இரண்டு நொடி எனக் கொண்டால், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இடைவெளி ஏறத்தாழ 56 மீட்டர். 50 கிலோமீட்டர் வேகத்தில் 28 மீட்டர். வேகம் கூடக் கூட அயலாருக்கு விடவேண்டிய இடமும் கூடுகிறது. வலிமை மிகுந்தவன் மிகுதியாக விலகி நிற்க வேண்டும் என்னும் அறம், இங்கே கணக்கின் வடிவில் வாழ்கிறது. முன்வண்டி வேகம் குறைத்தால் பொறி முதலில் எந்திர விசையைத் தளர்த்தும். போதாதெனில் மென்மையாகப் பிரேக்கைப் போடும். வழி விட்டதும் ஓட்டுநர் குறித்த வேகத்திற்கு மெல்லத் திரும்பும்.

இடைவெளி என்பது இருவருக்கிடையே உள்ள செய்தி மட்டுமன்று. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 230 மீட்டர் வட்டப்பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் செய்தார்கள். விபத்தும் இல்லை, தடையும் இல்லை. ஆயினும் சிறிது நேரத்தில் நெரிசல் தானே தோன்றி, அலையாகப் பின்னோக்கி நகர்ந்தது. ஒருவர் சற்றே தயங்கினால் பின்னே வருபவர் அதனினும் மிகுதியாகத் தயங்குகிறார். முடிவில் கடைசியில் வருபவர் நின்றே போகிறார். ஒருவரின் பொறுமையின்மைக்கு, முகமறியாத பலர் விலை கொடுக்கிறார்கள்.

பொறி காணாதது

இத்தனை நுட்பமும் வாய்த்த பொறிக்குக் காணாமற்போகும் இடங்களும் உண்டு. சாலையோரக் கம்பங்கள், பெயர்ப்பலகைகள், பாலங்கள் யாவும் ரேடார் அலையைத் திருப்பி அனுப்புகின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் அஞ்சி நின்றால் கார் ஓடவே முடியாது. ஆகவே இத்தகைய அமைப்புகள் பல, அசையாத பொருள்களின் எதிரொலியைப் பெரிதும் ஒதுக்கிவிடும்படி அமைக்கப்பட்டன. விரைந்து செல்கையில், வழியில் நின்றுகொண்டிருக்கும் வண்டியும் அந்த ஒதுக்கலுக்கு உள்ளாகக்கூடும்.

2018 ஜனவரியில் கலிபோர்னியாவின் கல்வர் சிட்டியில் நடந்தது இதற்குச் சான்று. தானியங்கி உதவியுடன் ஓடிய டெஸ்லா கார் ஒன்று முன்வண்டியைப் பின்தொடர்ந்து சென்றது. முன்வண்டி திடீரெனத் தடம் மாறி விலகியது. அதற்கப்பால் ஒரு தீயணைப்பு வண்டி நின்றுகொண்டிருந்தது. வழி திறந்துவிட்டதாகக் கொண்ட பொறி, மணிக்கு ஏறத்தாழ 34 கிலோமீட்டரிலிருந்து 50 கிலோமீட்டருக்கு வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய் மோதியது. நல்வேளையாக எவரும் காயமுறவில்லை. விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், ஓட்டுநர் பொறியை அளவுக்கு மீறி நம்பிக் கவனம் இழந்ததையும், அவ்வாறு கவனம் இழக்க இடங்கொடுத்த வடிவமைப்பையும் காரணங்களாகச் சுட்டியது.

இங்கே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. உழைப்பைக் குறைக்கும் பொறி, விழிப்பையும் சேர்த்தே குறைத்துவிடுகிறது. பாதத்திற்கு ஓய்வு கொடுத்தவர் கண்ணுக்கும் ஓய்வு கொடுக்கிறார்; பின்னர் மனத்திற்கும் கொடுக்கிறார். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வமைப்பை இயக்கியிருந்த ஓட்டுநர்கள் வேக வரம்பை மீறும் வாய்ப்பு 24 விழுக்காடு மிகுதி என்றது. இடைவெளி காக்க வந்த பொறியையே விரைவுக்குத் துணையாக்கிக்கொள்ளும் மனம் பொறியின் குற்றமன்று. நம் நாட்டுச் சாலைகளிலோ, கார் விடும் இடைவெளியில் இருசக்கர வண்டியொன்று நுழையும். முதியவர் ஒருவர் குறுக்கே நடப்பார். கன்றைத் தேடிப் பசு வரும். அவர்கள் எவரும் பொறியின் கணக்கிற்குள் முழுமையாக அடங்குபவர்கள் அல்லர்.

டீட்டர் 1982-இல் மறைந்தார். அவருடைய கருவியிலிருந்து இன்றைய ரேடார் கார் வரை எத்தனையோ மாறிவிட்டன. குண்டுகள் போயின, சில்லுகள் வந்தன. மாறாத வழக்கம் ஒன்று உண்டு. ஓட்டுநரின் பாதம் பிரேக்கை மெல்லத் தொட்டால் போதும். பொறி அக்கணமே விலகி, ஆட்சியை மனிதரிடம் ஒப்படைத்துவிடும். இறுதிச் சொல் யாருடையது என்பதில் பொறிக்கு ஐயமில்லை. ஐயம் எழாதவாறு விழித்திருப்பது நம் கடமை.