300-வது பக்கம்

உங்கள் மேஜையில் 300 பக்க ஆண்டறிக்கை. காலையில் அச்சுக்குப் போகணும். ராத்திரி பத்து மணிக்கு முதலாளி போன் செய்கிறார். ‘இரண்டாவது அத்தியாயத்துல ஒரு பாரா சேர்த்துடுங்க!’

உங்கள் கதி? நீங்கள் எந்த சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுத்தீர்களோ, அதன் கையில்.

1985-ல் பேஜ்மேக்கர் வந்தது. ஆல்டஸ் கம்பெனியின் சரக்கு. அதைத் தொடங்கிய பால் பிரெய்னெர்ட், பத்திரிகை ஆபீஸில் வேலை பார்த்தவர். அங்கே கத்தரித்து ஒட்டுகிற வேலையை அப்படியே கம்ப்யூட்டர் திரைக்குக் கொண்டுவந்தார். நாலு பக்க நோட்டீஸா? அல்வா சாப்பிடுகிற மாதிரி. தடி அறிக்கை என்றால் திண்டாட்டம்தான்.

1986-ல் போட்டிக்கு வந்தது வென்ச்சுரா பப்ளிஷர். விற்றது ஜெராக்ஸ் கம்பெனி. இதன் புத்தியே வேறு. ‘இது தலைப்பு, இது உபதலைப்பு’ என்று ஒவ்வொரு பாராவுக்கும் பெயர் சூட்டிவிட வேண்டும். நடுவில் புதுசாக ஒன்று நுழைந்தால் மற்றதெல்லாம் தானே நகர்ந்து இடம் விடும். பொருளடக்கத்தையும் அதுவே தயாரித்துத் தரும். ஆனால், கற்றுக்கொள்வதற்குள் தண்ணி காட்டிவிடும்!

பேஜ்மேக்கர் சும்மா இருக்குமா? 1990-ல் வந்த நான்காம் பதிப்பில் பொருளடக்கம் போடக் கற்றுக்கொண்டது.

1994-ல் ஆல்டஸ், அடோபியோடு இணைந்தது. மறு வருஷமே, நீளமான அறிக்கைகளுக்குப் பேர்போன ஃப்ரேம்மேக்கரையும் அடோபி வாங்கிப்போட்டது. ஒரே வீட்டில் இரண்டு பேர். 2001-ல் வந்த ஏழாம் பதிப்போடு பேஜ்மேக்கர் வளர்ச்சி நின்றது. ஃப்ரேம்மேக்கரோ அதற்குப் பிறகும் பல பதிப்புகள் கண்டது.

ஆகவே, சாஃப்ட்வேர் விற்க வருகிறவர் முதல் பக்கத்தின் அழகைக் காட்டினால் மயங்காதீர்கள். இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு பாராவைச் சேர்த்துவிட்டு, 300-வது பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.