தோலின் தரம் அறியும் உணரிகள்

தோலை வெட்டாமலும் கிழிக்காமலும், ஒலியையும் ஒளியையும் கொண்டு அதன் வலிமையையும் குறைகளையும் அறியும் கருவிகள் இவை. ஆய்வகங்களில் இவை பிறந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. தொழிற்கூடங்களிலோ பெரும்பாலும் இன்றும் கண்ணும் விரலும்தான் தரம் பிரிக்கின்றன.

தோலின் குறைகள் தொடங்குவது மேய்ச்சல் காட்டில். தமிழகத்தின் பெரம்பலூர் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம்; திருச்சி கருப்பு என்னும் செம்மறி இனத்துக்குப் பேர்போன பகுதி அது. மேயும் ஆட்டின் தோலில் வேலிமுள் கிழித்த கோடு, உண்ணி கடித்த புள்ளி, அம்மைத் தழும்பு ஆகியவை மயிருக்கடியில் மறைந்திருக்கும். உப்பிட்ட தோல் மண்டிகளைக் கடந்து, சுண்ணாம்பில் ஊறி, மயிர் நீங்கி, குரோமில் பதமாகி 'வெட் புளூ' எனும் நீலநிற ஈரத்தோலாக வெளிவரும்போதுதான் அந்தக் குறைகள் முழுதாகத் தெரியும். அதற்குள் தண்ணீர், ரசாயனம், கூலி எல்லாம் செலவாகியிருக்கும்.

தரம் பிரிப்பவர் தோலை மேசையில் விரித்து, கழுத்திலிருந்து வால்வரை உள்ளங்கையால் தடவுவார். வயிற்றுப் பக்கத்தை விரலால் மடித்து, மேல்தோல் தளர்ந்து சுருங்குகிறதா என்று பார்ப்பார். வலிமையை அறிய ஆய்வகத்தில் ஒரு துண்டை வெட்டி, அறும்வரை இழுக்க வேண்டும். எந்த இடத்தில் வெட்டுவது என்பதை ஐ.எஸ்.ஓ. 2418 வரையறுக்கிறது. வெட்டிய தோல் வீணாவதால், ஒரு லாட்டில் சில தோல்களே சோதனைக்குப் போகும். ஒரே தோலிலும் முதுகு வேறு, வயிறு வேறு. சோதிக்காத தோல்களின் தரம் வெறும் ஊகம்தான்.

இந்த ஊகத்தைக் குறைக்க முனைந்தது, அமெரிக்க வேளாண்துறையின் பென்சில்வேனியா ஆய்வு மையம். தோலை இழுக்கும்போது உள்ளே நார்கள் உரசி அறுகின்றன. அப்போது எழும் மெல்லிய ஒலித் துடிப்புகளை உணரியால் பதிந்து, தோலின் வலிமையை முன்கூட்டிச் சொல்ல முடியும் என்பதை அங்குள்ளோர் 1990களின் இறுதியில் காட்டினர். பின்னர் காற்று வழியே செல்லும் மீயொலிக்கு நகர்ந்தனர். தோலைத் தொடாமலே அலையைச் செலுத்தி, அந்த அலை எங்கே வலுவிழக்கிறது என்று வரைபடமாக்கும் முறை அது. பதனிடாத தோலிலும் அதைச் சோதித்தனர் என்பதே இந்த வரலாற்றின் முக்கியத் திருப்பம்.

சென்னை அடையாறில் 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் கேமரா வழியை எடுத்தது. தோலின் படத்தைக் கணினி பகுத்து குறைகளை இனம்காணும் ஆய்வுகளை அதன் ஆய்வாளர்கள் 2010களிலிருந்து வெளியிட்டுள்ளனர். கேமராவுக்கு மேற்பரப்பு மட்டுமே தெரியும். உள்தளர்ச்சியை அறிய மீயொலி வேண்டும். இரண்டும் ஒரே மேசைக்கு வந்தாக வேண்டும்.

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்து எறையூரில் 2022 நவம்பரில் காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் அது தோல் சாராத காலணிகளுக்கானது; இங்குள்ள ஆட்டுத் தோலுக்கு அதில் இடமில்லை. மேச்சேரி இனச் செம்மறியின் தோலுக்குத் தரத்தால் தனி மதிப்பு உண்டு. பெரம்பலூர்த் தோலுக்கும் தரம் பார்த்து விலை கிடைக்க, உணரி முதலில் வர வேண்டிய இடம் பச்சைத் தோல் மண்டி; அங்கே பதிவாகும் குறை, ஆடு வளர்ப்பவரின் காதுக்கும் எட்ட வேண்டும்.